ஒரு நூல் இடைவெளி

பேருந்து பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டது என்று தகவல் வந்தபோது, கூரை ஓட்டுத் தொழிற்சாலையின் பெண்கள் கால்பந்து அணி சீருடை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்து மேசைகளின் மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தது. மலைச்சாலையில் பாறை சரிந்து வழி அடைபட்டுவிட்டதாம். மாலை நான்கு மணிக்கு மலைக்கு அந்தப் பக்கம் இறுதி ஆட்டம். நடுவர் விசில் ஊதும்போது ஏழு பேராவது மைதானத்தில் நிற்காவிட்டால், ஆடாமலேயே ஆஸ்பத்திரி அணிக்குக் கோப்பை.

ஆட்டிய கால்கள் அப்படியே நின்றன.

பயிற்சியாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தொழிற்சாலையில் சூளைக்கு மேற்பார்வை அவர்தான். அதனால் எல்லோருக்கும் சூளையம்மா. கோபம் வந்தால் முகம் முதலில் சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். இப்போது முகம் சிவந்துகொண்டிருந்தது.

கடைசி மேசையில் கையுறையைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. ஆறு வருஷமாக அவள் மாற்று கோல்கீப்பர். ஆறு வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களைக் காவல் காத்ததுதான் மிச்சம். போன வாரம் முதல் கோல்கீப்பர் பெண் ஓடு அச்சடிக்கும் எந்திரத்தில் மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பாவம் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு குதித்தவள் இவள். இப்போது பாறை வந்து குறுக்கே விழுந்திருக்கிறது.

"குவாரித் தடம் இருக்கே!" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

அவள் கணவன். தொழிற்சாலை பிக்கப் வண்டியின் ஓட்டுநர். கைகளைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டு நின்றான். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; எல்லோருக்கும் அவன் நூல். சுவரில் மாட்டிய கடிகாரமானாலும் வாசலில் போட்ட மிதியடியானாலும் அவன் கண்ணுக்குக் கோணலாகத்தான் தெரியும். "ஒரு நூல் இடது பக்கம் இழுத்திருக்கு" என்று சொல்லிச் சரிசெய்யாமல் நகர மாட்டான்.

"அது கைவிட்ட குவாரிப்பா. லாரி போயே வருஷக்கணக்காச்சு" என்றார் சூளையம்மா.

"லாரி போன பள்ளம் அப்படியேதான் இருக்கு. அந்தப் பள்ளத்துல சக்கரத்தை இறக்கினா ரயில் மாதிரி போகலாம். பின்னாடி தொட்டியில எல்லாரும் ஏறுங்க. என் வீட்டுக்காரி மட்டும் முன்னாடி."

"பாத்தீங்களா, இப்பவே நூல் விட ஆரம்பிச்சுட்டான்" என்றாள் அவனுடைய தங்கை. அணியின் முன்கள ஆட்டக்காரி அவள்தான். காலைவிட வாய்க்கு வேகம் அதிகம். "அண்ணே, கல்யாணத்துக்கு முன்னாடி விட்ட நூல் போதாதா?"

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்போடேயே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"காரணம் இருக்குடி வாயாடி. உங்க அண்ணியோட கண்ணு வேணும் எனக்கு" என்றான் அவன்.

*

அந்தக் காரணம் பத்து நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்தது. தார்ச்சாலை முடிந்து, மண் பாதை முடிந்து, குவாரித் தடத்தில் வண்டி இறங்கியதும் இரண்டு பக்கத்துச் சக்கரங்களும் ஆழமான பள்ளங்களுக்குள் சிக்கிக்கொண்டன. அவன் ஸ்டீயரிங்கை இப்படித் திருப்பினாலும் அப்படித் திருப்பினாலும் வண்டி நேராகவே போனது.

"அட, ஓட்டவே வேண்டாம் போலிருக்கே" என்றாள்.

"அங்கதான் ஆபத்து. பள்ளத்துக்குள்ள சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுன்னு கைக்குத் தெரியாது. வண்டி நேராப் போகுதேன்னு அசால்ட்டா இருப்போம். பள்ளம் முடிஞ்ச இடத்துல சக்கரம் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கோ அந்தப் பக்கம் பாஞ்சுடும்." ஸ்டீயரிங்கின் உச்சியில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தான், அதைத் தட்டிக் காட்டினான். "இது உச்சியில இருந்தா சக்கரம் நேரா இருக்குன்னு அர்த்தம். ஆனா நான் பாதையையும் பாக்கணும். நீ ஜன்னல் வழியா எட்டி முன் சக்கரத்தைப் பாரு. திரும்பினா சொல்லு."

அவள் இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே வந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. கீழே டயர் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழன்றது. பின்னால் தொட்டியில் பெண்கள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கூச்சலிட்டார்கள்.

"இடது பக்கம் திரும்புது! இன்னும்! ஆங், இப்ப நேர்!"

"நேரா?"

"நேரோ நேர்!"

பந்து வருவதைப் பார்த்துக்கொண்டு கோலில் நிற்பது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மூச்சு வாங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளம் முடிந்த ஒவ்வொரு இடத்திலும் வண்டி துள்ளி வெளியே வந்து, அம்பு மாதிரி நேராகப் போய், அடுத்த பள்ளத்தில் இறங்கியது. அவள் சொன்னால் அவன் கை அசைந்தது. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்னதை அவன் இவ்வளவு வேகமாகக் கேட்டதே இல்லை.

அப்போதுதான் அந்தக் கல். இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே, புல்லுக்குள் ஒளிந்திருந்தது. "டங்" என்று வண்டியின் அடிவயிற்றில் இடித்தது. வண்டி முக்கி முனகி நாலு முழம் போய் நின்றுவிட்டது.

எல்லோரும் குதித்து இறங்கி முன்னால் வந்து பார்த்தார்கள். முன் சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே.

"வாத்து மாதிரி நிக்குது" என்றாள் தங்கை.

யாரோ அழுகிற குரலில் சிரித்தார்கள்.

அவன் அடியில் புகுந்து பார்த்துவிட்டு, முகமெல்லாம் மண்ணோடு வெளியே வந்தான். "டை ராடு வளைஞ்சுடுச்சு. ரெண்டு முன் சக்கரத்தையும் பின்பக்கமாச் சேத்துப் பிடிக்கிற கம்பி அதுதான். வளைஞ்சா நீளம் குறையும். பின்பக்கம் ரெண்டும் உள்ள இழுபட, முன்பக்கம் விரிஞ்சுடுச்சு."

"ஆகுமா, ஆகாதா? அதை மட்டும் சொல்லு" என்றார் சூளையம்மா. முகம் நன்றாகச் சிவந்துவிட்டது.

"கழட்டி நிமித்தி மாட்டினா ஆகும்."

"அப்ப ஏன் நின்னு பாடம் நடத்துற?"

ஜாக்கி ஏறியது. ஸ்பேனர், சுத்தியல், வசவு எல்லாம் அடியில் சத்தமிட்டன. கம்பி கழன்று வந்ததும் உதவலாம் என்று அவள் கை நீட்டினாள்.

"தொடாதே!" என்று கத்தினான். "உன் கை இன்னைக்கு இதுக்கில்ல. கையுறையைப் போட்டுக்கிட்டுத் தள்ளி நில்லு."

பக்கத்தில் கவட்டை பிரிந்த ஒரு மரம் நின்றது. கம்பியைக் கவட்டைக்குள் செருகினார்கள். தினமும் ஈரக் களிமண் தூக்குகிற தோள்கள் அவர்களுடையவை. சூளையம்மா "ஏய், இழு!" என்று ஒரு குரல் கொடுத்ததும், பத்துப் பேர் தொங்கினார்கள். மரம் முனகியது. கம்பி நிமிர்ந்தது. முழுசாக இல்லை, ஒரு சின்ன வளைவு மிச்சம் இருந்தது.

"போதும், போதும். மிச்சத்தைத் திருகுல சரிபண்ணிக்கலாம்" என்று அவன் மறுபடி அடியில் புகுந்து மாட்டினான். பிறகு தலையை மட்டும் நீட்டினான். "இப்ப சக்கரம் நேரா இருக்கான்னு பாக்கணும். அதுக்கு நூல் வேணும். நீளமா."

யாரிடமும் நூல் இல்லை. சணல் இல்லை. வண்டியில் கயிறு உண்டு. ஆனால் அது கட்டைவிரல் தடிமன், அளக்க உதவாது. அவனுடைய தங்கை சட்டென்று குனிந்து தன் பூட்ஸ் லேஸை உருவினாள். அதைப் பார்த்து அடுத்தவள், அதைப் பார்த்து அடுத்தவள். முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு, வண்டி நீளத்துக்கு வெள்ளையும் கறுப்பும் பச்சையுமாக ஒரு நூல் தயாராகிவிட்டது.

"பிரமாதம்! இன்னைக்கு இதுதான் நமக்கு நூல்" என்றான் அவன்.

வேலை எளிதுதான். பின் டயரின் பக்கவாட்டில் ஒட்டி, முன் டயர் வரை லேஸை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். பின்பக்கம் தங்கை பிடித்தாள். முன்பக்கம் அவள்.

"முன் டயரோட பின் விளிம்புல நூல் ஒட்டணும். முன் விளிம்புல கொஞ்சம் விலகி நிக்கணும். இந்த மாதிரித் தடத்துல சுமையோட போனா முன் சக்கரம் வெளிப்பக்கம் விரியத்தான் பாக்கும். அதுக்கு முன்கூட்டியே கொஞ்சம் உள்ள திருப்பி வைக்கணும். நான் திருகிக்கிட்டே வரேன். ஒரு நூல் இடைவெளி வந்ததும் சொல்லு."

"ஒரு நூலா?"

"ஒரு நூல். ரெண்டு பக்கமும்."

அவள் தன் பூட்ஸிலிருந்து மிச்சமிருந்த லேஸை உருவினாள். கோல்கீப்பர் பூட்ஸின் லேஸ் பட்டையானது. அதை அகலவாட்டில் இடைவெளியில் வைத்துப் பார்த்தாள். "இன்னும்... இன்னும்... ஆங், ஒரு நூல் வந்துடுச்சு!" அந்தப் பக்கமும் போய் அதேபோல் பார்த்தாள். அங்கேயும் கச்சிதம். தன் கண்ணுக்குத் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

ஏறினார்கள். கிளம்பினார்கள். தொட்டியிலிருந்து ஆரவாரம்.

*

பள்ளத்துக்குள் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. கெட்டித் தரை வந்ததும் வண்டி குடித்தவன் மாதிரி நடக்க ஆரம்பித்தது. இடது பக்கம் இழுத்தது, சரிபண்ணினால் வலது பக்கம் பாய்ந்தது. சிவப்பு டேப் உச்சியை விட்டு விலகி எங்கேயோ நின்றது. ரப்பர் தீய்கிற வாடை வந்தது.

"இந்த டேப்பை இனிமே நம்ப முடியாது. கம்பியைக் கழட்டி மாட்டினதுல நடு மாறிப்போச்சு. நீ பாத்துச் சொல்லு!" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "உள்பக்கம் திரும்பியிருக்கு!"

"எந்த உள்பக்கம்?"

"உங்க பக்கம்! வண்டிக்கு உள்ள!"

அவன் வலது பக்கத்து ஜன்னல் வழியே தன் சக்கரத்தைப் பார்த்தான். அதுவும் உள்பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் உள்பக்கம் எப்படித் திரும்பும் என்று அவன் யோசிப்பதற்குள் தரை முடிந்து, சரிவில் ஒரு சின்னப் பள்ளம் வந்து, வண்டி அதில் இறங்கி ஏறித் துள்ளியது. துள்ளிய வேகத்தில் நேராகக் குவாரிக் குழியைப் பார்த்துப் பாய்ந்தது. பச்சைத் தண்ணீர் அவள் கண்ணுக்கு நேர் கீழே தெரிந்தது. பிரேக். கூச்சல். புழுதி.

வண்டி நின்றது. குழியின் விளிம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான்.

அவன் மெதுவாகப் பின்னால் எடுத்து நிறுத்தினான். பிறகு இறங்கிப் பார்த்தான். முன் சக்கரங்கள் இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து ரகசியம் பேசுவதுபோல் உள்பக்கம் சாய்ந்து நின்றன.

"நீ ஒரு நூல்தானே சொன்ன?"

"ஒரு நூல்தான் சொன்னேன்."

"இது ஒரு நூலா? மூணு நூல் இருக்கும்!"

"கண்ணால பாத்தேங்க. வச்சே பாத்தேன்!" என்று அவள் லேஸை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இதோ, ஒரு நூல்!"

அவன் லேஸைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி லேஸைப் பார்த்தான்.

"இதை வச்சா அளந்த?"

"இன்னைக்கு இதுதான் நூல்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அடியே, நூல்னா அளவுடி! ஒரு அங்குலத்தை எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு, அதான் ஒரு நூல்! தச்சன் சொல்றது, கொத்தன் சொல்றது, மெக்கானிக் சொல்றது!"

"அது அளவா?"

"பின்ன?"

"பன்னிரண்டு வருஷமா நீங்க ஒரு நூல் சாஞ்சிருக்கு, ஒரு நூல் சாஞ்சிருக்குன்னு சொல்லும்போதெல்லாம் ஏதோ இத்துனூண்டுங்கிறதைத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு நெனச்சேன். சும்மா பேச்சுக்குன்னு!"

முதலில் சிரித்தது அவனுடைய தங்கை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அண்ணே, நீ விட்ட நூல் அண்ணிக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சிருக்கு!" பிறகு எல்லோரும். சூளையம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவன் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, தலையை அண்ணாந்து சிரித்தான். கண்ணில் நீர் வழிந்து கன்னத்து மண்ணில் கோடு போட்டது. அப்படி அவன் சிரித்து அவள் பார்த்தது கொஞ்சம்தான். பின்னாளில், அவன் இல்லாத வீட்டில், எந்தக் கோணலையும் யாரும் சரிசெய்யாத நாட்களில், அவளுக்கு முதலில் நினைவு வந்ததெல்லாம் அந்தக் கன்னத்துக் கோடுதான்.

"சிரிச்சது போதும். மணியைப் பாருங்க!" என்று சூளையம்மா ஒரு அதட்டல் போட்டார்.

அவன் வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். "இந்தச் சாவியோட தடிமன். ஏறக்குறைய ஒரு நூல். படுக்க வைக்காதே, தடிமனைப் பாரு. சந்தேகம் இருந்தா கேளு."

"சாவின்னா சாவிதானே? வேற ஏதாவது அர்த்தம் இருக்கா?"

"அடிச்சுடுவேன்."

லேஸ் மறுபடி விறைத்தது. அடியிலிருந்து அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்: இப்ப? இப்ப? அவள் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, சாவியை நுழைத்து எடுத்தாள். "ஆடுது... ஆடுது... ஆங், உரசுது! நிறுத்துங்க!" அந்தப் பக்கம் ஓடினாள். அங்கேயும் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். அவன் நட்டை இறுக்கிவிட்டு வெளியே வந்து, அவள் சொன்னதை நம்பி, தான் பார்க்காமலேயே ஏறி உட்கார்ந்தான்.

அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இனி இறக்கம் மட்டும்தான். ஆனால் இறக்கம் முழுக்கப் பள்ளம். நம்புவதற்கு டேப் இல்லை. அவள் கண் மட்டும்தான். ஒரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்து, உடம்பை வெளியே சாய்த்துக்கொண்டாள்.

"நேர்!... நேர்!... வலது பக்கம் போகுது, வலது, திருப்புங்க! நேர்!"

"பள்ளம் முடியப்போகுது!"

"நேர்தான், விடுங்க!"

வண்டி மேலே எகிறியது. தொட்டியில் பெண்கள் வீறிட்டார்கள். வண்டி நேராக, துளிக்கூட விலகாமல், சாலையில் இறங்குகிற மாதிரி அடுத்த பள்ளத்தில் இறங்கியது. தொட்டி முழுக்க ஒரே கைதட்டல்.

"யாரு பாத்துச் சொல்றா!" என்று அவள் கத்தினாள்.

"யாரு பொண்டாட்டி!" என்று அவன் திருப்பிக் கத்தினான்.

"ரெண்டு பேரும் முன்னாடி பாருங்கப்பா, எங்களுக்கும் வீடு இருக்கு!" என்று பின்னாலிருந்து சூளையம்மா.

தொட்டியில் அதற்குள் வேறொரு சண்டை. கூட்டு லேஸை அவிழ்த்து அவரவருடையதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். முடிச்சு இறுகியிருந்தது. ஒருத்தியின் லேஸை இன்னொருத்தி பல்லால் கடித்து அவிழ்த்தாள். கறுப்பு பூட்ஸில் பச்சை லேஸ், பச்சை பூட்ஸில் வெள்ளை லேஸ். எதுவும் யாருக்கும் முக்கியமில்லை.

மலையடிவாரம் வந்தது. தார்ச்சாலை. வீடுகள். மைதானத்தின் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே வெள்ளைச் சீருடையில் ஆஸ்பத்திரி அணி வரிசையாக நின்றது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தபடி விசிலை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். வாசலில் பார்வையாளர்களின் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவன் யோசிக்கவில்லை. பக்கவாட்டில் தண்ணீர் வண்டி போகிற வாசல் திறந்திருந்தது. இரண்டு தூண்களுக்கும் நடுவே வண்டி அகலத்துக்குத்தான் இடம்.

"நேர்?"

"நேர்!"

தூண்களைத் தொடாமல் வண்டி நுழைந்தது.

"புல்லுல ஏத்தாதே! புல்லுல ஏத்தாதே!" என்று மைதானக் காவலாளி ஓடி வந்தான். நிற்பதற்கு முன்பே தொட்டியிலிருந்து பெண்கள் குதித்தார்கள். சூளையம்மா நடுவரைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடினார். "எண்ணுங்க! எண்ணுங்க! ஏழு பேருக்கு மேலயே இருக்கோம்!"

நடுவர் எண்ணினார். மண் பூசிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "குளிச்சிட்டு வரக்கூடாதா?" என்றார். பிறகு விசில் ஊதினார்.

அவள் கோலுக்கு ஓடினாள். கம்பங்களுக்கு நடுவே நின்று திரும்பிய நிமிஷமே பந்து வந்துவிட்டது. ஆஸ்பத்திரி அணி களைப்பில்லாத கால்களோடு, தொழிற்சாலை அணியில் பாதிப் பேர் இன்னும் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பாய்ந்தது. அவர்களின் உயரமான பெண் ஒருத்தி வலது மூலையைப் பார்த்து உதைத்தாள். கோலில் நின்றவளுக்கு யோசிக்க நேரமில்லை. தடத்தில் ஜன்னல் வழியே சாய்ந்த மாதிரியே உடம்பு தானாகச் சாய்ந்து பறந்தது. பந்து கையுறைக்குள் வந்து அறைந்தது. தரையில் விழுந்து, அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எழுந்தாள்.

மைதானம் முழுக்க ஆரவாரம். அவள் நாத்தனார் "அண்ணீ!" என்று நடுக்களத்திலிருந்து குதித்தாள். பந்தோடு நின்றவளின் கண் கணவனைத் தேடியது.

எல்லைக் கோட்டுக்கு வெளியே பிக்கப் நின்றது. அவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன் சக்கரத்தின் எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க!" என்று அவள் வயிற்றிலிருந்து கத்தினாள். "இங்க பாருங்க! இங்க!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் கையில் இருந்த பந்தைப் பார்த்தான். என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டான். அவர் கையை நீட்டிப் பாய்ந்து காட்டினார். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு எழுந்து, ஸ்பேனரை வண்டித் தொட்டிக்குள் எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் பானெட்டில் ஊன்றி, அவளை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் பந்தை ஓங்கி உதைத்தாள்.